நான் மடித்தது திறக்கும்வரை

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பெருமையான வதந்தி உண்டு. நான் வளைகுடாவில் விமானத்திலிருந்து குதிக்கிறவனாம். நான் அதை மறுத்ததே கிடையாது. உண்மையில் நான் குதிக்கிறவர்களுக்குப் பாராசூட் மடித்துக் கொடுக்கிறவன். கடையில் மேல் தட்டிலிருக்கும் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறினால், பாதி ஏணியிலேயே என் முழங்கால் என்னிடம் தனியாகப் பேச ஆரம்பித்துவிடும்.

அந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. அதற்கு முன் காஞ்சிபுரத்தில் என் மனைவியின் அண்ணன் நடத்தும் பட்டுக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்து போனால் மெத்தை முழுக்கப் புடவை பிரிந்து கிடக்கும். அவர்கள் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். பிடிக்காததையெல்லாம் மடித்து அடுக்குவது என் பிழைப்பு. பிறகு வளைகுடாவில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். நான் போன ராசி, கடையை மூடிவிட்டார்கள். அறையில் கூட இருந்தவர் ஒரு ஸ்கைடைவிங் மைதானத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே மடிக்க ஆள் வேண்டும் என்று அழைத்துக்கொண்டு போனார்.

மேலாளர் ஒரு பாராசூட்டை என் முன்னால் போட்டார். தடவிப் பார்த்தேன். பட்டைவிடச் சாதுவான துணி. கரையோடு கரை சேர்த்து, நீவி, முந்தி வெளியே தெரிகிற மாதிரி மடித்து, இரண்டு கையிலும் ஏந்தி அவரிடம் நீட்டினேன். ஜரிகை ஒன்றுதான் குறை. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, இதை உடுத்தலாம், குதிக்க முடியாது என்றார். ஆனால் வேலை கொடுத்தார்.

முறையாக மடிக்கப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். கயிறுகளை, தறியில் பாவு நூலைப் பிரிக்கிற மாதிரி ஒன்றோடொன்று பின்னாமல் நேராக்க வேண்டும். துணியின் மேல் குப்புறப் படுத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அப்புறம் பைக்குள் அடக்கி பூட்டு ஊசி செருகி மூட வேண்டும். மூடிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று பேர். ஆனால் விமானம் மேலே போனதும் மடிக்கிறவர்கள் எல்லோரும் கொட்டகையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து நிற்போம். யாரும் சொல்லித் தந்த வழக்கமில்லை. பாராசூட்டை நாங்கள் குடை என்றுதான் சொல்வோம். அவரவர் மடித்த குடையின் நிறத்தை அவரவர் தேடுவோம். திறந்துவிட்டால் மூச்சு விட்டுவிட்டு டீக்குப் போவோம்.

முதல் சாவு அப்படி டீக்குத் திரும்பும்போது நடந்தது. எல்லாக் குடையும் அழகாகத் திறந்திருந்தது. அதனால் நான் முதுகைக் காட்டிவிட்டேன். பின்னால் சத்தம் கேட்டது. பல வருஷமாகக் குதிக்கிறவர் அவர். தரைக்குப் பக்கத்தில் வேகத்துக்காக ஒரு திருப்பு திரும்பியிருக்கிறார். உயரம் போதவில்லை. காலையில் என்னிடம் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு போன மனிதர். நான் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு மேல் குடை மெதுவாக, அவசரமே இல்லாமல், படிந்துகொண்டிருந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து இரண்டாவது. இந்த முறை அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஒரு குடை பாதி திறந்து சுற்ற ஆரம்பித்தது. ஆபத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது குடை வெளியே வந்து அதற்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொண்டது. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது. எழுதினாலும் படிக்கிறவருக்கு எதற்கு அது.

இரண்டாவது முடிந்த வாரத்திலேயே லீவு போட்டு ஊருக்கு வந்தேன். தெருவில் கதை கேட்டார்கள். வேட்டியோடு குதிப்பேன் என்று அடம்பிடித்தவர் கதை, மேலே போய் ஜன்னல் சீட்டு கேட்ட பணக்காரர் கதை என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். சிரித்து முடித்ததும் என்னால் உட்கார முடியாது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாமல் ஏரிக்கரை வரைக்கும் போவேன். போனவன் ஏரியையாவது பார்க்கலாம், அதுவும் கிடையாது. வண்டியை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு கூரம் பக்கம் போவேன். ஒரு நாள் பெட்ரோல் பங்க் பையன், என்னண்ணா டெலிவரி வேலையா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிற இடத்தில் என் செருப்பைப் பார்த்துக் கும்பிட்டேன். தலையைத் தூக்கினால் ஏதாவது விழுந்துவிடும் போல இருந்தது. தூக்கத்தில் போர்வையை மடிக்கிறேன் என்று மனைவி சொன்னாள். அவளையும் சேர்த்து மடித்தேனாம்.

வைகாசி முகூர்த்தம். கடையில் கூட்டம். சும்மா சுத்திக்கினு இருக்கறதுக்குக் கடைக்கு வந்து மடி மாப்ள என்றார் மச்சான். போனேன். அங்கேதான் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒரு புடவையை மடிப்பேன். அடுக்கில் வைக்கப் போகும்போது உள்ளே ஏதாவது முறுக்கியிருக்குமோ என்று தோன்றும். பிரிப்பேன். மறுபடி மடிப்பேன். மறுபடி பிரிப்பேன். வாடிக்கையாளர்கள் நான் புடவையின் அருமையைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒன்றிரண்டு அதிகமாகவே வாங்கினார்கள். மச்சானுக்கு அதில் சந்தோஷம். லீவு முடியப் போகிறது, வருகிறாயா இல்லையா என்று மேலாளர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு புடவையையே விட மாட்டேன் என்கிற கை, அங்கே போய் ஓர் ஆளை எப்படி விடும்? பதில் போடாமல் வைத்திருந்தேன்.

எங்கள் கடையில் முகூர்த்தப் புடவைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜாக்கெட் துணி வெட்டி, முந்திக்குக் குஞ்சம் முடித்து, எல்லாம் ஆனபிறகு பெண் வீட்டார் வந்து வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்குப் புடவையைக் கடைசியாக ஒருமுறை மடித்து, மூலையில் மஞ்சள் தடவி, தட்டில் வைத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். மஞ்சள் வைத்துவிட்டால் அதை மண்டபத்தில் மணப்பெண் கட்டும்போதுதான் பிரிக்க வேண்டும். நடுவில் யாரும் பிரிக்கக்கூடாது.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மணப்பெண், அவள் அம்மா, தாய்மாமன். அரக்குப் புடவை. அதற்குக் குஞ்சம் முடித்ததே என் மனைவிதான், கடையின் மூலையில் உட்கார்ந்து அந்த வேலையைத்தான் பார்க்கிறாள். நான் மடித்தேன். பெண்ணின் அம்மா மஞ்சள் தடவினார். தட்டு சாமி படத்துக்கு முன்னால் போயிற்று. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அவர்கள் கண்ணைத் திறந்தபோது நான் அந்தப் புடவையை மெத்தையில் பாதி பிரித்து வைத்திருந்தேன்.

"என்னாபா பண்ணிக்கினு இருக்கற?" என்றார் தாய்மாமன். "மஞ்சா வச்சத பிரிக்கற?"

எனக்கு வழக்கம்போல ஜோக் வந்தது.

"உள்ள காத்து கீத்து இருக்குதான்னு பாத்தேங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அம்மா முகம் வெளுத்துப்போயிற்று. கையை எடு மாப்ள என்று மச்சான் பல்லைக் கடித்தார். கை வரவில்லை. அது பாட்டுக்கு மடிப்புக்குள் தடவிக்கொண்டிருந்தது.

அப்போது அந்தப் பெண்தான் மெத்தையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "வுடு மாமா, புடவதான?" என்று தாய்மாமனிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "திரும்ப மடிங்கண்ணா. நா இந்தப் பக்கம் புடிச்சிக்கறேன்."

இரண்டு பேராக மடித்தோம். அவளுக்கு மடிக்கத் தெரியவில்லை, அவள் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சரிசெய்ய நான் மறுபடி பிரிக்கப் போனேன். அவள் தன் முனையை விடவில்லை. அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டாள். அவள் அம்மா வேறு மஞ்சள் குழைத்து பெட்டியின் மேலேயே வைத்தார். போய்விட்டார்கள்.

மனைவி என்னைக் கடைக்குப் பின்னால், தண்ணீர்க் குடம் இருக்கிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யாரு மாமா செத்தது?" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவ்ளோ ஒசரத்துலருந்து வுழறாங்க, உன் கதையில மட்டும் ஒருத்தரும் சாகறதே இல்ல. நம்பறதுக்கு நா என்னா பச்சக் கொழந்தையா?"

சொன்னேன். முதல் ஆள், நான் முதுகைக் காட்டியது, இரண்டாவது ஆள், சுற்றிக்கொண்டே வந்த குடை. ஒரு ஜோக்கும் இல்லாமல் நான் இவ்வளவு நீளம் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இரண்டாவது ஆள் விழுந்த அன்றைக்கு மடிக்கிறவர்கள் எல்லோரையும் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அந்தக் குடையை யார் மடித்தது என்று பார்த்துச் சொல்லும்வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்னுடையது இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கிறவருடையது. மடிப்பில் தப்பில்லை, குதித்தவர்தான் புரண்டுகொண்டே குடையை இழுத்திருக்கிறார் என்று பிற்பாடு விசாரணையில் சொன்னார்கள். ஆனாலும் பக்கத்து ஆள் பெட்டி கட்டிக்கொண்டு அவர் நாட்டுக்குப் போய்விட்டார்.

"என்னுது இல்லன்னு தெரிஞ்சதும் எனக்குப் பசிச்சுது," என்றேன். "உக்காந்து வயிறு முட்டத் தின்னேன்."

அவள் விரலில் சுற்றியிருந்த பட்டு நூலைப் பிரித்துச் சுற்றினாள். அப்புறம், அந்தப் பக்கத்து ஆள் சாப்பிட்டாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். போன் பண்ணிக் கேளு என்றாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறாராம். கோழிகள் உயரத்திலிருந்து குதிப்பதில்லை என்றார். அவர்தான் முதலில் சிரித்தார்.

அந்தப் பெண்ணின் கல்யாணத்தன்று காலையில் நான் தாமல் பக்கம் போக ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மனைவி பட்டுப்புடவையில் வந்து பின்னால் உட்கார்ந்தாள். வாலாஜாபாத் ரோட்டுக்குத் திருப்பு என்றாள். கடைக்கு வந்த பத்திரிகை அவள் கைப்பையில் இருந்தது.

மண்டபத்தில் பெண் தட்டிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டு கட்டிக்கொள்ள உள்ளே போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் கேட்டேன், கொடுத்ததைக் குடிக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தேன். வீடியோக்காரர், சார் எல்லா ஷாட்லயும் உங்க மண்டதான் வருது என்று பொறுமையிழந்தார்.

கதவு திறந்தது. அரக்குப் புடவை. பட்டு நன்றாகப் பிரிந்து, விரிந்து, எங்கும் சிக்காமல் வந்தது. மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒரு கோடு மட்டும் கோணலாக இறங்கியிருந்தது. எங்கள் இரண்டு பேருடைய மடிப்பு.

"தொறந்துக்கிச்சா?" என்றாள் மனைவி, என் காதில்.

"தொறந்துக்கிச்சு."

வழக்கமாக இந்த இடத்தில் நான் டீக்குத் திரும்பிவிடுவேன். திரும்பவில்லை. அவள் மேடைப் படி ஏறுகிறவரை, மனையில் உட்காருகிறவரை, முந்தியை இழுத்து மடியில் போட்டுக்கொள்கிறவரை பார்த்தேன். தாய்மாமன் என்னைப் பார்த்துவிட்டார். மேடையிலிருந்தே, இங்கேயும் பிரிக்க வந்துட்டியா என்பதுபோல் கையை ஆட்டினார்.

பந்தியில் இலை போட்டதும் மேலாளருக்கு, வருகிறேன், என்று செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு அதைத் திரும்ப எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. இரண்டாவது முறையும். மனைவி போனைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு மூடினாள். பசிக்குது என்றேன் அவளிடம். சொல்ல வெட்கமாக இருந்தது.

"அதுக்குத்தான இலை போட்டிருக்குது," என்றாள். "சாப்புடு மாமா."