அவள் வாலை இழுக்கவில்லை

பிள்ளைகளே, என் மகள் வதனி நாயின் வாலை இழுக்கவில்லை. இழுத்தாள் என்று சொன்னவன் நான். அது பொய்!

அப்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது அவள் ஒரு பிள்ளைக்குத் தாய். இன்றுவரைக்கும் அவளிடம் அதை நான் திருத்திச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்... முகம் தெரியாத உங்களிடம் சொல்வது இலகுவாக இருக்கிறது. இதிலும் ஒரு கோழைத்தனம் இருப்பது எனக்கு விளங்காமல் இல்லை.

உங்கள் வாசிகசாலையிலிருந்து வந்து என்னிடம் கேட்டது வேறு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எப்படிப்பட்ட சின்ன நாய் நல்லது என்று, பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி, அச்சடிக்கும் சிறுவர் இதழுக்கு எழுதித் தரச்சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பது வருடம் சைக்கிளில் பெட்டி கட்டி, பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு களுவாஞ்சிக்குடி, களுதாவளைப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் திரிந்தவன். எந்த வீட்டு வளவில் எந்த நாய் சும்மா குரைக்கும், எது குரைக்காமல் வந்து காலைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். "நாய் விசயமெண்டா பாண்காரண்ணனிட்டக் கேளுங்க" என்பார்கள் சனங்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது... அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேனோ என்னவோ.

யுத்த காலம் அது. எங்கள் சொந்த ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஒரு நாள் காலை, சோறு அடுப்பில் இருக்கும்போதே ஓட வேண்டி வந்தது. நானும் மனைவி யோகமும், மகன் ரூபனையும் வதனியையும் இழுத்துக்கொண்டு தோணி ஏறினோம். வீட்டு நாய் வீரனும் கூடவே துறைக்கு வந்துவிட்டது. பெரிய உடம்பு அதற்கு.

"ஆக்களுக்கே இடம் காணாது, நாயையும் ஏத்தப் போறீங்களா?" என்று தோணிக்காரர் ஏசினார். அவரில் பிழை இல்லை. வீரன் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. களுவாஞ்சிக்குடியில் ஒரு வீடு எடுத்து இருந்த பிறகும், வதனி சோற்றில் ஒரு பிடியை ஒதுக்கிவைத்துவிட்டு "இது வீரனுக்கு" என்பாள். மாதக்கணக்காக இப்படி.

இனி ஒரு நாய் வளர்த்தால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய நாயாக இருக்க வேண்டும்! அப்படித்தான் நான் முடிவெடுத்தேன். நீங்கள் சிரிக்கலாம். அந்த நாட்களில் எங்கள் வீட்டு மூலையில் ஒரு பை எப்போதும் கட்டியபடி கிடக்கும். அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாற்றுடுப்பு. ஓடு என்றால் அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். நாயும் அப்படி ஒரு பைக்குள் அடங்க வேண்டும். அதன் குணம் என்ன, பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் எனக்குப் பிறகு. முதலில் அளவு!

இரண்டு வீடுகளில் நாய் கிடைக்க இருந்தது.

களுதாவளையில் என்னிடம் பாண் வாங்கும் செல்லமக்காவின் வளவில் ஒரு சிவப்புப் பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது. அவவின் கடைசிப் பொடியன் அந்தத் தாய்நாயின் வயிற்றில் தலைவைத்து நித்திரை கொள்வான். காதைத் திருகினாலும் அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

"ஒண்டக் கொண்டு போங்களன் தம்பி. தாயப் போலத்தான் குட்டியும் வரும்."

"பெருசா வளந்திடுமே அக்கா..."

"வளராம என்ன? போத்தலுக்கயா அடைச்சு வைக்கப் போறீங்க?" என்று சிரித்தா.

மற்ற வீடு ஒரு டீச்சருடையது. இராணுவ முகாமுக்கு நாலு வளவு தள்ளி இருந்தது. அவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போக ஆயத்தமாக இருந்தார். அவரிடம் ஒரு வெள்ளைச் சடைநாய் இருந்தது. பொமரேனியன் இனம், பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. பெயர் பொப்பி. நான் வெறும் பை ஒன்றை மடித்துக் கொண்டுபோயிருந்தேன். நாயைத் தூக்கி அதற்குள் வைத்துப் பார்த்தேன். தலை மட்டும் வெளியே தெரிந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி!

டீச்சர் சிரிக்கவில்லை.

"தம்பி, உங்கட வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்குதா?"

"ஓம் டீச்சர், ரெண்டு. மகனுக்கு ஏழு, மகளுக்கு அஞ்சு."

"அப்ப வேணாம்." அவர் வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பள்ளங்கள், இன்னும் சிவப்பாக. "கேம்பில இருந்து ஷெல் அடிக்கக்குள்ள இதுக்கு அறிவு கெட்டுப்போயிடும். கிட்ட நிக்கிறது ஆரெண்டும் தெரியாது. சோறு போடுற என்னையே கடிச்சிட்டு. பிள்ளையள் இல்லாத வீடாப் பாத்துத்தான் குடுக்க நினைச்ச நான்."

"நான் பாக்காத நாயா டீச்சர்? என்ட பாண் மணத்துக்கு எல்லாம் அடங்கிடும்."

"பாணை அது தின்னும் தம்பி. ஷெல்லுக்கு என்ன செய்யப் போறீங்க?"

ஆனாலும் கெஞ்சினேன். வேறு எவரும் வரவில்லை, அவருக்கும் பயணம் நெருங்கிவிட்டது. கடைசியில் அரை மனதோடு தந்தார். பையோடு நாயைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு, பாட்டொன்றை முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்தேன்...

யோகம் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இஞ்சருங்க, இது பிள்ளையளக் கடிக்காதா?"

"இந்த எலிக்குஞ்சா கடிக்கப் போகுது? என்ட தலையில அடிச்சுச் சத்தியம்!"

டீச்சரின் கைக்காயத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஏன்? சொன்னால் யோகம் அதைத் திருப்பி அனுப்பியிருப்பாள். நாய்களைத் தெரிந்தவன் நாய் தேர்ந்த இலட்சணத்தைப் பார் என்று ஊர் சிரித்திருக்கும். அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. ரூபன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தான். வதனி அதன் சடைக்கு ரிப்பன் கட்டினாள். ஷெல் சத்தம் கேட்டால் பொப்பி கட்டிலுக்கடியில் புகுந்து பல்லைக் காட்டி நடுங்கும். அந்த நேரங்களில் பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாமல் ஏதாவது சாட்டுச் சொல்லி மறித்துக்கொள்வேன். பாருங்கள், எனக்குத் தெரிந்திருந்தது! தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பக்கூட எனக்கு வழியில்லை.

அன்று பின்னேரம் பாண் விற்று முடித்து வந்து, சைக்கிளை வேலியோடு சாய்த்துக்கொண்டிருந்தேன். வதனி வாசற்படியில் இருந்தாள். ஒரு கையில் பேக்கரிப் பணிஸில் பாதி, மற்றக் கை மடியில். கிள்ளிக் கிள்ளிப் பொப்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாயின் முகம் அவள் பக்கம். வால் என் பக்கம். அவள் விரும்பியிருந்தாலும் அந்த வால் அவளுடைய கைக்கு எட்டியிராது.

முகாமிலிருந்து ஷெல் கிளம்பியது. நிலம் அதிர்ந்தது.

வெள்ளையாக ஏதோ பாய்ந்தது தெரிந்தது. பிறகு வதனியின் வீரிடல்... கன்னத்தில் இருந்து தாடைவரைக்கும் இரத்தம்.

யோகம் குசினிக்குள் இருந்து அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "கடவுளே! என்ன நடந்த?" பிள்ளையை வாரித் தூக்கினாள். தூக்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். சத்தியம் பண்ணினீங்களே என்ற பார்வை அது.

"வாலப் புடிச்சு இழுத்திட்டாள்" என்றேன்.

யோசித்துச் சொன்னதா? இல்லை. தும்மல் மாதிரி வந்தது. ஆனால் வந்த பிறகு திருப்பி எடுக்க எனக்கு எத்தனை நேரம் இருந்தது! ஒரு நொடி, ஒரு நாள், இருபத்தைந்து வருடம்...

வதனியின் அழுகை ஒரு கணம் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை, பிள்ளைகளே. கணக்குப் பிழைத்த பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமே, அப்படி இருந்தது.

ஆசுபத்திரியில் தையல் போட்டார்கள். தாதி ஒருவர் அவளைத் தேற்றுவதற்காக, "என்ன செல்லம், நாயோட சண்டையா?" என்று கேட்டார். இவள் உண்மையைச் சொல்லிவிட்டால்?

"நான் வால இழுத்தன்" என்றாள் வதனி.

அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி! மூச்சு விட்டேன்! மகளின் முகத்தில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது தகப்பன் நிம்மதியாக மூச்சு விட்டான். இதையும் எழுதாவிட்டால் நான் எழுதியதில் பாதி பொய்யாகிவிடும்.

அவள் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. அவள் நம்பிவிட்டாள்! அப்பா பார்த்திருக்கிறார், அப்பா சொல்கிறார், அப்படியானால் இழுத்துத்தான் இருப்பேன் என்று அந்த ஐந்து வயது மூளை தீர்மானித்துவிட்டது.

வைத்தியர் என்னிடம், "இந்த நாய் முன்னம் ஆரையும் கடிச்சதா?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்றேன். ஒன்றைக் காக்க இன்னொன்று.

விசர்நாய்க் கடிக்கான ஊசிகள் போடப் பல நாட்கள் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் "இனி இழுக்கமாட்டன், இனி இழுக்கமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். ஊசியைத் தண்டனை என்று நினைத்தாள் போலும். நான் அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாய்க்கு விசர் இல்லை என்று உறுதியான பிறகு, நான் பாண் எடுக்கும் பேக்கரியில் அதைக் கொடுத்தேன். அங்கே பிள்ளைகள் இல்லை. கிழடாகிச் சாகும்வரைக்கும் மாமூட்டைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. அங்கே அது எவரையும் கடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

வீட்டில் ரூபன் தங்கச்சியோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. "உன்னாலதான் பொப்பி போன" என்று ஒருநாள் கத்தினான். வதனி மறுத்துப் பேசவில்லை. நானும்...

அடுத்து வந்த வெள்ளிக்கிழமையொன்றில் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டியபடி அவள் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, கைகளை மாற்றிக் காதுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தின தோப்புக்கரணம் போடணும் அப்பா?"

"எதுக்கு மகள்?"

"பொப்பிய நோகப் பண்ணினதுக்கு."

பக்கத்தில் யோகம் நின்றாள். பூசைக்கு வந்த சனம் நின்றது. பிள்ளையார் இருந்தார். வாயைத் திறந்து "வேணாம் மகள், அது அப்பா சொன்ன பொய்" என்று சொல்ல இதைவிட நல்ல இடம் எது?

"பதினொண்டு" என்றேன்.

போட்டாள். ஒவ்வொன்றாக, குறைக்காமல், விழுந்தெழும்பிப் பதினொன்று போட்டாள்! பின்னால் நின்ற ஒரு பெண் யோகத்திடம், "என்ன கா, பிள்ளைய நல்லா வளத்திருக்கீங்க" என்றா.

பிறகு சொல்வோம், வளர்ந்த பிறகு சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். வளர்ந்தாள். அப்போது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு எதற்கு என்று தோன்றியது. டீச்சர் வெளிநாடு போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது சந்தோசப்பட்டேன். யோகம் தெரியாமலே காலமாகிவிட்டாள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நாள் எங்களுக்குப் பிறகு வரவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் கேட்ட விசயத்தையும் எழுத வேண்டும் அல்லவா? நாய் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளே, சின்ன உடம்பென்றால் சின்னக் கோபம் என்று எண்ணாதீர்கள். முடிந்தால் தாய்நாயைப் போய்ப் பாருங்கள். சத்தம் கேட்டால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். வளர்த்தவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அப்படியும் ஒருநாள் கடித்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பெரியவர்கள் வேறு மாதிரிச் சொன்னாலும், நீங்கள் கண்டதை விடாதீர்கள்...

எழுதிவிட்டேன். எழுத எனக்கு என்ன யோக்கியதை?

இது அச்சானால் வதனியின் கண்ணிலும் படலாம். படட்டும் என்கிறது ஒரு மனம். படக்கூடாது என்று இன்னொரு மனம் அடித்துக்கொள்கிறது. ஏனென்றால் போன மாதம்கூட நேரில் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது.

நான் வதனி வீட்டில் இருந்தேன். அவளுடைய நாலு வயது மகன் அழுதுகொண்டு ஓடி வந்தான். பக்கத்து வீட்டு நாய் புறங்கையில் பல்லை வைத்துவிட்டது. பெரிய காயமில்லை. வதனி அவனைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீ அதுக்கு என்ன செஞ்ச?"

"நான் ஒண்டும் செய்யல்ல."

"பொய் சொல்லாத மனே. சும்மா நிக்கிற பிள்ளைய நாய் கடிக்காது. அம்மாவுக்குத் தெரியும்."

நான் துவாயோடு பக்கத்தில் நின்றேன். சொல்! இப்போது சொல்! வாய் திறந்துவிட்டது.

"கெதியா ஆசுபத்திரிக்குப் போவம்" என்றேன்.

பொடியன் தாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். விம்மல் அடங்கும்வரை கொஞ்சம் யோசித்தான்.

"கல்லால எறிஞ்சன்" என்றான்.

"பாத்தியா?" என்று வதனி அவனை அணைத்துக்கொண்டாள். நல்ல தாய் அவள்.

அவன் எறிந்தானோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மூவரும் ஓட்டோவில் ஏறினோம். அவன் என் மடியில் இருந்தான். பாதி வழியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"இனி எறியமாட்டன் அம்மப்பா."

"ஓம் மனே" என்றேன்.