தழும்பைச் சொல்லாமல் கேட்ட உதவி

எண்பதுகளின் நடுவில், வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளத் தாராவியில் ஓர் அறை நடத்தினோம். ஒரு மழைக்காலத்தில் அறைக்குச் சொந்தக்காரர் கூடுதல் அட்வான்ஸ் கேட்டார். இல்லையென்றால் காலி செய்யச் சொன்னார். மாதுங்காவில் ஒரு மண்டபத்தில், பஜனை முடிந்ததும் பேசி உதவி கேட்க இடம் கொடுத்தார்கள். பேச வேண்டியவள் நான்.

கேட்பவர்களை அழவைத்தால்தான் பர்ஸ் திறக்கும் என்றார்கள் எங்கள் குழுவில். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்களிடம் வரும் ஒரு சிறுமிக்குக் காலில் தீத்தழும்பு. எங்களிடம் சேருவதற்கு முன்னால், அம்மா பட்டறையில் தோல் பை தைத்துக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் தனியாக இருந்தவள் ஸ்டவ்வைக் கவிழ்த்துவிட்டாள். அதைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் பெண், என்னைவிட இளையவள்.

“அது மட்டும் வேண்டாம்க்கா. நாளைக்கு அவ பெரியவளானா எல்லாரும் அவ காலத்தான் பாப்பாவ.” கொஞ்சம் யோசித்தாள். “நான் வாரேன். நானே பேசுதேன்.”

சரியென்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் அறையைப் பற்றி நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மைக்கை அவளிடம் கொடுத்தேன். மெதுவாக ஆரம்பித்தாள்.

“முன்னாடியெல்லாம் ஃபயர் எஞ்சின் மணி கேட்டா, மெஷினை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடுவேன். இப்ப புள்ள இவிய ரூம்ல இருக்கா. மணி கேட்டாலும் தைச்சுக்கிட்டு இருக்கேன். ரூமை மூடிட்டா திரும்பியும் ஓடணும். அவ்வளவுதான்.”

யாரும் அழவில்லை. ஆபீஸிலிருந்து நேராக வந்தவள் போலத் தோளில் பையோடு ஒரு பெண் எழுந்தாள்.

“என் பிள்ளையும் ஸ்கூல் விட்டு வந்து தனியாத்தான் இருக்கான். தெனமும் பக்கத்தாத்துக்குப் போன் பண்ணி, வந்துட்டானான்னு கேப்பேன். அந்த மாமி ‘வந்துட்டான்’னு சொல்றவரைக்கும் எனக்கு வேலை ஓடாது.”

முதலில் கொடுத்தது அவள்தான். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் குழந்தையின் பெயரைக் கேட்டார்கள். அறையை வந்து பார்க்கலாமா என்றார்கள். அட்வான்ஸுக்குத் தேவையானது அங்கேயே சேர்ந்துவிட்டது.

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் சிறுமியின் அம்மா துப்பட்டியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்பதான்க்கா மூச்சு வருது.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அறை தப்பியது ஒன்று. அந்தச் சிறுமியின் காலைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாமல் போனது அதைவிடப் பெரிய ஆறுதல். எதிரே இரானிக் கடை திறந்திருந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம்.