ஷெஹாபின் அம்மா சொன்ன பொய்கள்

பஹரி வட்டாரத்தில் ஷெஹாபைத் தெரியாதவர் இல்லை. அவன் நன்றாகக் கூடைப்பந்து ஆடுவான் என்று தெரிந்தவர்தான் இல்லை. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவள் அவனைப் பெற்ற இன்ஷிராஹ்.

பன்னிரண்டு வயதிலேயே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ள ஆரம்பித்தவனை, பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் கூடைப்பந்துக் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே இன்ஷிராஹுக்குக் கண்ணேறு பயம் பிடித்துக்கொண்டது. உயரமான பிள்ளை, அதிலும் ஒற்றைப் பிள்ளை. ஊர்க்கண் சும்மா விடுமா? மாடிப்படியில் யாராவது, "பையன் எப்படி ஆடறான், ஷெஹாப் அம்மா?" என்று கேட்டால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள்.

"எங்க ஆடறது? மத்தவங்களுக்குத் தண்ணி பாட்டில் தூக்கறான்."

இளையோர் தேசிய அணிக்கு அவனை எடுத்தபோது, மஞ்சள் காமாலை, தன்தா ஊரில் சித்தி வீட்டில் படுத்திருக்கிறான் என்று ஒரே போடாகப் போட்டாள். அவனோ அப்போது வெளிநாட்டில், துனிஸில் ஆடிக்கொண்டிருந்தான். ஊர் திரும்பியவனுக்குக் கீழ்வீட்டுக்காரி கரும்புச்சாறு கொண்டுவந்து கொடுத்து, "கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னாள்.

இருபது வயதில், எகிறிக் குதித்து இறங்கியபோது முழங்காலில் தசைநார் அறுந்தது. அந்த வருடம் முழுக்க இன்ஷிராஹ் மாட்டுக்கால் சூப் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றினாள், காலைப் பிடித்துவிட்டாள். மருத்துவர் சொன்ன காரணம் மட்டும் அவள் காதில் ஏறவில்லை. "நான் சொன்ன பொய் பத்தலை" என்றாள். அதன்பின் பொய் இரண்டு மடங்கானது.

அவன் எழுந்தான், ஓடினான், கழகத்தின் முதல் ஐந்து பேரில் ஒருவனாகவும் ஆனான். அவள் ஒருநாளும் அரங்கத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பெற்றவள் கண்ணும் படும் என்பாள்; அது வெறும் சாக்கு என்றே அவனுக்குப் பட்டது. ஜெயித்துவிட்டு வந்தால், "சாப்பிட்டியா?" என்பதோடு சரி. அம்மாவுக்குத் தன் ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் ஷெஹாப் நினைத்திருந்தான். அது அவனுக்கு வலித்தது.

இந்த நிலையில்தான் யும்னா. முழங்காலுக்குக் கட்டுத்துணி வாங்கப் போன மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண். அவளுடைய அப்பா ஹாஜி ஷவாத்ஃபி ஈரல் பொரித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வட்டாரத்தில் மற்றவர்களைப் போலவே அவருக்கும் உலகத்தில் கால்பந்தைத் தவிர வேறு பந்தே கிடையாது. ஷெஹாப் பெண் கேட்டுப் போனபோது, கையைத் துடைத்தபடியே சொன்னார்.

"தம்பி, நீ நல்ல பையன். ஆனா கழகத்துல உன்னைச் சீக்கிரம் அனுப்பிடுவாங்களாமே? உங்கம்மாவே சொல்றாங்க. பெத்தவ ஒண்ணைப் பத்தாச் சொல்றதுதான் வழக்கம். அவளே இப்படிச் சொன்னா, எதை நம்பி என் பொண்ணைக் குடுக்கறது?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தான். கோபப்படக்கூடத் தெம்பில்லை. மறுநாள் மதியம் இன்ஷிராஹ் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, "வா" என்றாள்.

கடையில் ஈ நுழைய இடமில்லை. பூண்டும் பச்சைமிளகாயும் ஈரலோடு பொரிகிற புகையில் அவள் நேராக ஹாஜியார் முன்னால் போய் நின்றாள்.

"ஹாஜியாரே, நான் இத்தனை வருஷமா சொன்னது பூராப் பொய்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் ஈரல் வெட்டும் மரக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மரத்தைத் தொட்டுக்கொண்டு, மாஷா அல்லாஹ்வும் சேர்த்துச் சொன்னால் கண்ணேறு அண்டாதாம்.

"என் மவன் மாதிரி பந்தைப் பறிக்கறவன் இந்த ஊர்லயே இல்ல, மாஷா அல்லாஹ். போர்ட் சயீத் ஆளுங்களோட ஆடினப்ப உடைஞ்ச விரலைப் பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டிக்கிட்டு ஆடினான். மூணு பேரு மேல விழுந்தாங்க, அசையல. அரையிறுதியில கடைசிப் பந்தைத் தானே போட்டிருக்கலாம். தனியா நின்னவனுக்குத் தூக்கிக் குடுத்தான். பேரு அவனுக்குப் போச்சு, ஜெயிச்சது எல்லாரும். அதான் என் மவன். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்."

வாசலில் குனிந்து நின்றிருந்த ஷெஹாப் சட்டென்று நிமிர்ந்ததில் தலை நிலையில் இடித்தது. விரல் உடைந்ததை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறாள், அடுத்த வீட்டுக்குக் கேட்காதபடி சத்தத்தை அடைத்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப எங்க எல்லாரையும் கொள்ளிக்கண்ணுன்னா நினைச்சுக்கிட்டிருந்தீங்க?" என்றார் ஹாஜியார்.

"ஆமா."

கடையே கொல்லென்று சிரித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து ஹாஜியாரும் தோற்றுப்போனார். "வெள்ளிக்கிழமை வாங்க. ஃபாத்திஹா ஓதிக் கல்யாணத்தைப் பேசி முடிச்சிடலாம்."

வெளியே வந்ததும் இன்ஷிராஹ் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டேன்! கடை பூரா ஆளு, அத்தனை பேரும் கேட்டாச்சு. நாளைக்கு உன் காலுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பயிற்சியாளரும் பத்திரிகைக்காரரும் அவனைப் புகழ்ந்தது வாய்வார்த்தை; அதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இவள் உலகத்தில் எதற்கு அதிகம் பயந்தாளோ, அதையே அவனுக்காகச் செய்துவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அவள் கையை எடுத்து முத்தமிட்டான்.

"அம்மா, நான் நல்லா ஆடறேன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாமலா? ஒண்ணுத்துக்கும் ஆகாத பிள்ளைக்காக எவளாவது இத்தனை வருஷம் பொய் சொல்லுவாளாடா, கழுதை?"