யன்னல் வராத சுவர்

நான் பொய் எழுதினேன். ஒரேயொரு வீட்டுக்கு, ஒரேயொரு வரி... ஆனாலும் பொய்தான்!

வீட்டுக்குள் தேங்கும் புகையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவள் நான். ஒரு குசினிக்குள் நுழைந்தாலே போதும், எந்தச் சுவரில் யன்னல் வைக்கவேண்டும் என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்?

ஆய்வுக்காகத் தெல்லிப்பழைப் பக்கத்து வீடுகளில் புகையளக்கும் கருவியை வீட்டுக்கு ஒரு நாளாக வைத்து எடுத்தேன். கடைசி வீடு மலரக்காவுடையது. விறகடுப்பு, கரி படிந்த சுவர், யன்னலே இல்லாத குசினி. அவருடைய சின்ன மகள் அடுப்படியில் இருந்துதான் படிப்பாள்.

மறுநாள் கருவியை எடுக்கப் போனால் வாசலில் பந்தல்! நான் வைத்துவிட்டு வந்த சற்று நேரத்திலேயே அக்காவின் மாமனார் கண்ணை மூடிவிட்டாராம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவார்களா? சாப்பாடெல்லாம் அயலிலிருந்து வந்திருக்கிறது. என் கருவி நாள் முழுவதும் எரியாத அடுப்பை அளந்திருந்தது.

அந்த அளவைத் தள்ளிவிட்டு, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்தபின் மீண்டும் வைத்திருக்க வேண்டும். துக்க வீட்டுக்குக் கருவியோடு போவது அழகில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா? இல்லை! அந்த வாரமே அறிக்கையைக் கொடுத்துவிடும் அவசரம். ‘வழமையான நாள்’ என்று பதிந்தேன். ‘காற்று நன்று’ என்று துண்டுச்சீட்டு எழுதிக் கையெழுத்திட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

சில மாதங்களின்பின் மருதனார்மடம் சந்தையில் அக்காவைக் கண்டேன். பக்கத்தில் மகள் இருமிக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, யன்னல் வைக்க இவர் மேசனைக்கூடக் கூப்பிட்டிட்டார். நான்தான் மறிச்சுப்போட்டன். படிச்ச பிள்ளை நீர் எழுதித் தந்தது பிழையாய் இருக்குமே?”

“பிள்ளைக்கு இருமல் கனநாளோ அக்கா?”

“ஓம். பனியாக்கும். புகை இல்லையெண்டு நீர்தானே சொன்னனீர்!”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ‘அக்கா, என்னுடைய அளவு பிழை, யன்னலை வையுங்கோ...’ ஒரு வசனம்தானே? நீங்களென்றால் சொல்லியிருப்பீர்கள். நானோ, பிள்ளையின் தலையை மூடிக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு நடந்தேன். வெட்கங்கெட்டவள்!

இன்றும் மேடையில் என் குரல் தளம்புவதில்லை. யன்னலைத் திறவுங்கள் என்கிறேன், திறக்கிறார்கள். நான் சொன்னால் சனம் நம்பும்.

மலரக்காவும் நம்பினார். யன்னல் வரவேண்டிய இடத்தில்தான் என் துண்டை ஒட்டி வைத்திருப்பதாக, அன்று சந்தையில் பெருமையோடு சொன்னார்.