கொடி நட்ட வயல்

எங்கள் வேலிக்கு அப்பால் இருக்கும் வயலில் போன மாதம் ஒரு காலையில் ஆரஞ்சு நிற அடையாளக் கொடிகள் முளைத்திருந்தன. அமெரிக்காவில், அயோவாவில், எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேரே தெரியும் வயல் அது. அரசாங்க வண்டியில் வந்த இருவர் அளந்து அளந்து குத்திவிட்டுப் போனார்கள். மகள் கயல் பள்ளிக்குப் போனதும் சான்றிதழ்கள், நகை, அவளுடைய தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்தேன்.

நெய்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். யாரோ வந்து நிலத்தை அளந்தால் அடுத்தது என்னவென்று அங்கே குழந்தைக்கும் தெரியும். நான் மூன்றாவது படிக்கும்போது எங்கள் ஊரிலும் அளந்து கல் நட்டார்கள். ஊர் போயிற்று, நிலக்கரிச் சுரங்கம் வந்தது. குறை சொல்லவும் வாய் வரவில்லை. அந்த நிலத்துக்கு ஈடாகத்தான் அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலை, எங்களுக்கு குவார்ட்டர்ஸ், டவுன்ஷிப் பள்ளி. நான் இந்த நாடுவரை வந்ததே அந்தப் படிப்பால்தான். ஆனாலும் அம்மா குவார்ட்டர்ஸில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கடைசிவரை பிரிக்கவே இல்லை.

மாலையில் வயலின் சொந்தக்காரர் மார்க் வந்தபோது வேலியோரம் ஓடினேன்.

"நாங்கள் எப்போது காலி செய்ய வேண்டும்?"

அவர் கொடிகளைப் பார்த்தார். "ஆகஸ்ட் வரை யாரும் எதையும் தொடக்கூடாது."

"அப்படியானால் ஆகஸ்டில் போய்விட வேண்டுமா?"

"யார்?"

எங்கள் ஊர்க் கதையைச் சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. அவர் கதை எனக்கு விளங்க இன்னும் நேரமாயிற்று. அந்தச் சரிவில் அவர் சோளம் விதைப்பதில்லை. புல்லாகவே விட்டுவைப்பதற்கு அரசாங்கம் ஆண்டுதோறும் பணம் தருகிறது. மண் ஓடையில் கரைந்து போகாது, காடைகள் தரையில் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை அறுக்கும் இயந்திரம் உள்ளே வரக்கூடாது. அந்த எல்லைக்குத்தான் கொடி.

"அப்பா இருந்திருந்தால், களையா வளர்க்கிறாய் என்று திட்டியிருப்பார்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "உங்களை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள்."

நம்பினேன். பையை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.

முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் தம்பி செல்வத்துக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. ஊர் நிலத்தை இழந்த பிறகு அப்பா வாங்கியது. அவனுக்கு அது ஒன்றுதான் பிழைப்பு. சுரங்கத்தை விரிவாக்க இந்த வாரம் அங்கேயும் அளந்து கல் நட்டுவிட்டார்கள். நேற்று எங்களுக்கு மாலை, அவனுக்கு விடியற்காலை, வீடியோவில் அழைத்தான். மார்க்கின் கதையைச் சொன்னேன்.

"நெலத்த சும்மா போட்டு வெச்சதுக்குக் காசா? என்னாக்கா கத வுடற!"

"நெசமாடா. பறவைக்காக."

"அப்ப அந்த ஆபீசர இங்க ஒரு நட அனுப்பு. நம்ம தோப்புல கவுதாரி அடகாத்துக்கினு இருக்குது. கல்லு நட வந்தப்பகூட எழுந்திரிக்கலக்கா. எங்கள வுட அதுக்குத்தான் தெகிரியம்."

சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "எடுத்துக்குவாங்களாக்கா?"

மார்க் எனக்குச் சொன்னதை என்னால் அவனுக்குச் சொல்ல முடியவில்லை.

அவன் கேமராவைத் திருப்பிக் கல்லைக் காட்டினான். அதன் பின்னால் புதர், மங்கலான வெளிச்சம். ஒரு பறவை கூவியது. கயல் சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வந்தாள்.

"அம்மா, இது மாமா தோப்புலயா, நம்ம ஜன்னலுக்கு வெளியிலயா?"

ஜன்னல் திறந்திருந்தது. காற்றில் கொடிகள் படபடத்தன. மறுபடி கூவியது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. போனை அணைத்தால் தெரிந்துவிடும். அணைக்கவில்லை.