புசல்லாவையில் ஒரு கை ஈசல்

ஈசல் சாப்பிடுவதற்கென்றே ஒருத்தி கண்டியிலிருந்து நாற்பது கிலோமீற்றர் பஸ் ஏறிப் போவாளா என்று கேட்காதீர்கள். நான் போனேன். கடந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டு, ஞாயிறு பகல் திரும்பினேன். வழி, செலவு, ருசி எல்லாம் கீழே இருக்கின்றன. ஆனால் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. பக்கத்து மேசை சுகந்தி, புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வந்த முதல் வாரமே எனக்கு அறை பார்த்துத் தந்தவள், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டு வந்தவள். மதியச் சாப்பாடு எங்களுக்கு எப்போதும் ஒன்றாகத்தான். செப்டெம்பரில் ஒருநாள், சாப்பாட்டறையில் எட்டுப் பேர் இருக்கும்போது, அவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். வறுத்த ஈசல். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை.

“உங்கட ஆக்கள் பூச்சியும் சாப்பிடுவினமோ?” என்று கேட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். சுகந்தி மூடியைப் போட்டாள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டது, தான் இதெல்லாம் சாப்பிடுவதில்லை என்றாள். மறுநாளிலிருந்து தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மூன்று வாரம் அப்படியே போனது. மன்னிப்புக் கேட்டால், ஒன்றுமில்லை அக்கா என்பாள், கணினியைப் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று ஒருத்தி சொன்னால் நிறைய இருக்கிறது என்று பொருள். வேறு வழி தெரியாமல், உன் வீட்டுக்கே வந்து ஈசல் சாப்பிடுகிறேன் என்றேன். ஈசல் நாம் கூப்பிட்டு வராது, மழைதான் கூப்பிட வேண்டும் என்றாள். ஒரு வியாழக்கிழமை அவளாகவே வந்து, சனிக்கிழமை வரச் சொன்னாள்.

காலை 8.15க்குக் கண்டியில் நுவரெலியா பஸ். புசல்லாவைக்கு 180 ரூபாய். பேராதனை, கெலிஓயா, கம்பளை வரை நின்று நின்றுதான் போகும். கம்பளை தாண்டிய பிறகு வளைவுகள் தொடங்கும். வயிறு பலவீனமானவர்கள் காலையில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். நான் பயத்தில் ஒன்றுமே சாப்பிடவில்லை. 10.05க்குப் புசல்லாவையில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 800 ரூபாய்.

என்ன விசேஷம் என்று வண்டிக்காரர் கேட்டார். ஈசல் சாப்பிட வந்தேன் என்றதும் வளைவு என்றும் பாராமல் முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

“மத்தியானம் மழ பெஞ்சு, பொறகு வெயில் அடிச்சா வரும்மா. இல்லாட்டி ஒங்களுக்குக் கோழிக்கறிதான்.”

உள்ளுக்குள் நான் கோழிக்கறியைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். இங்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம். அதன் கடைசி வீடு சுகந்தியுடையது. அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஒருநாள் வேலையை அங்கே ‘பேர்’ என்கிறார்கள். எனக்காக அன்றைய பேரை விட்டுவிட்டு வீட்டில் நின்றிருந்தார். நான் கொண்டுபோன, பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானை முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். கதிரையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். பிறகு சொன்னார்:

“போன தடவ குடுத்துவிட்டதுல நீங்கதான் நெறைய எடுத்தீங்களாமே. புள்ள சொன்னிச்சு.”

தேத்தண்ணி மூக்கால் வந்தது. சுகந்தி அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்போதுதான் விளங்கியது. அன்று டப்பா நிறைய ஈசலைத் திருப்பிக் கொண்டுபோனால் அம்மாவின் முகம் வாடும் என்று, அதை எங்கேயோ கொட்டிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். என் நாக்கு செய்த வேலைக்கு அவள் அலுவலகத்திலும் வீட்டிலும் இரண்டு இடத்தில் பொய் சொல்லியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இனி நான் வாழ்க்கையில் முதல்முறை ஈசல் சாப்பிட வேண்டும். இரண்டாம் முறை சாப்பிடுகிறவள் மாதிரி. முகம் ஒரு துளி கோணினாலும் சுகந்தியின் பொய் அவளுடைய அம்மாவுக்கு முன்னால் உடைந்துவிடும். பிறகு என்னோடு அவள் எதற்காகப் பேச வேண்டும்?

மழை ஒன்றரைக்குப் பிடித்து, மூன்றேகாலுக்கு விட்டது. வெயிலும் வந்தது. என் அதிர்ஷ்டம் அப்படி. காத்திருந்த நேரத்தில் நண்டுக்கறி எப்படி வைப்பது என்று அம்மா விசாரித்தார். உயிர் நண்டின் காலை முறிக்கும் இடம் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டார். அது பாவம் இல்லையா என்று கேட்டார். அந்த டப்பா நாளுக்குப் பிறகு சுகந்தி முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மாலை 5.40க்கு லயத்துக்குப் பின்னால் இருந்த புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. முதலில் நாலைந்து, பிறகு புகை எழும்புவது போல. அகன்ற அலுமினியத் தாச்சியில் தண்ணீர் வைத்து, மேலே விளக்கைப் பிடித்தோம். வெளிச்சத்துக்கு வந்து தண்ணீரில் விழுந்தன. என் தலைமயிருக்குள்ளும் இரண்டு விழுந்தன. நான் கத்தவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். அரை மணி நேரத்தில் தாச்சி நிறைந்தது. யார் பிடித்தாலும் லயத்தின் ஆறு வீட்டுக்கும் ஒவ்வொரு கோப்பை போகும். வறுக்கும் வாசனையை மறைக்க முடியாது, அதனால் கொடுக்காமலிருக்கவும் முடியாது என்று அம்மா சொன்னார்.

கழுவி, நீர் வடித்து, எண்ணெயில்லாத சட்டியில் மெல்லிய தீயில் வறுக்க வேண்டும். இறகு தானாகக் கழன்றுவிடும். சுளகில் புடைத்தால் பறந்துபோகும். புடைக்கும் வேலையைச் சுகந்தியும் நானும் வாசலில் செய்தோம். அம்மா உள்ளே பொரியரிசி வறுத்துக்கொண்டிருந்தார்.

சுளகைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: “நீங்க சிரிச்சது போகட்டும்க்கா. அம்மா வறுத்தத பக்கத்து வீட்டுதுன்னு சொன்னேன் பாருங்க. அதத்தான் தாங்க முடியல.”

அழுகை வந்தது. சுளகைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டதில் இறகெல்லாம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை, பொரியரிசி எல்லாம் சேர்த்துச் சூடாக ஒரு தட்டில் வந்தது. அம்மா வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தார். ஒரு கை அள்ளினேன். ஆசையோடு சாப்பிடுகிறவள் ஒவ்வொன்றாக எடுக்கமாட்டாள் அல்லவா. வாயில் போட்டேன். முதலில் மொறுமொறுப்பு. பிறகு ஒவ்வொன்றும் உடைந்து ஒரு கொழுப்பு இறங்கியது. தொண்டை ஒருமுறை மறுத்தது. கால்விரல்களைச் சுருட்டிக்கொண்டு விழுங்கினேன். முகத்தில் சிரிப்பை வைத்திருந்ததாகத்தான் நினைக்கிறேன்.

“உப்பு பத்துமா?” என்றார் அம்மா.

“ஓம் அம்மா, அளவாயிருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்கோ.”

அதைச் சொன்ன பிறகுதான் நாக்கில் ருசி தெரிந்தது. கச்சானை, அதாவது நிலக்கடலையை, வெண்ணெயில் வறுத்தால் எப்படியிருக்கும், அதற்குக் கிட்ட. கடைசியில் ஒரு மண்வாசனை. இரண்டாவது கையை எனக்காகவே எடுத்தேன். மூன்றாவதையும்தான். கிளம்பும்போது எனக்கு மட்டும் கட்டிய பொட்டலத்தைச் சுகந்தி பிரித்து, “எட்டுப் பேர் இருக்கோம்மா, கூடக் கட்டு” என்றாள். ஞாயிறு 9.10 பஸ்ஸில் இருவரும் ஒரே ஆசனத்தில் கண்டிக்கு வந்தோம். பதினொரு மணியாகிவிட்டது. கம்பளை வரை அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

போக நினைப்பவர்களுக்கு: இது எந்தக் கடையிலும் கிடைக்காது. வீட்டார் அழைத்தால் மட்டுமே போங்கள். லயம் வேடிக்கை பார்க்கும் இடமல்ல. ஒக்டோபர், நவம்பரில் மழை விட்டு வெயில் அடித்த மாலை நல்ல நேரம். ஓர் இரவு தங்கும் ஏற்பாட்டோடு போங்கள், ஈசலுக்கு உங்கள் பஸ் நேரம் தெரியாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈசலைத் தொடவே வேண்டாம். மருந்தடித்த இடத்து ஈசலும் கூடாது. பச்சையாகச் சாப்பிடாதீர்கள். அட்டைக்கு நீளக் காலுறை போடுங்கள். போக்குவரத்துக்கு எனக்கு முடிந்தது 1,960 ரூபாய்.

முதலில் இதை எழுதும்போது தோழியின் பெயரையும் ஊரையும் மாற்றி, சாப்பாட்டறைக் கதையையும் வெட்டியிருந்தேன். அம்மா கண்ணில் பட்டுவிடக்கூடாது என்ற பயம். போடுவதற்கு முன் சுகந்தியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, எல்லாவற்றையும் உள்ளபடி எழுதச் சொன்னாள்.

“அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. நீங்க மொத வாய் வச்சப்பவே அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சாம், இதுக்கு முன்ன நீங்க தின்னதே இல்லன்னு. அதனாலதான் உப்பக் கேட்டாங்களாம். பேச்சு மாறட்டும்னு. அவங்க பேரையும் போடுங்க.”

வறுத்தவர் பெயர் பாக்கியம்.