மருத்துவ வண்டியும் இரண்டு மணி நேர வெயிலும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியாது. அச்சுக்கூடத்தில் அதைப் பார்த்து எழுத்துக் கோக்கிறவருக்குத்தான் தெரியும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ‘ர’வை எங்கே போடுவது என்பது இன்றும் குழப்பம். “இவர் எழுதின தாளைவிட இவர் கடையில் ஆசிட் சிந்தின தாள் தெளிவாக இருக்கும்” என்று அந்த மனிதர் ஆசிரியரிடம் சொன்னாராம். இருக்கலாம்... இரண்டு தாளும் ஒரே மேஜையில்தான் கிடக்கின்றன.

இந்த வாரம் எழுதுவதை ஆறு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எழுத நேரம் இல்லாமல் அல்ல. இதில், நாற்பது பெண்கள் பார்க்க நான் லுங்கியோடு ஏணியில் ஏறுகிற இடம் ஒன்று வருகிறது. அதை நானே எழுத வேண்டுமா என்றுதான்...

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கரமனையில் பாலத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாட்டரிக் கடை. லாரி, பஸ், கார் – எது வந்தாலும் பாட்டரி சார்ஜ் செய்து கொடுப்பேன். பாட்டரி என்னோடு பேசாது, நானும் அதோடு பேச வேண்டியதில்லை. கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிட நல்ல தொழில் கிடைக்குமா?

எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, அக்கிரகாரத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். ஒரு தர்ம சங்கத்துக்காக வண்டி மருத்துவமனை நடத்துகிறார். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பட்டாள வண்டி. உள்ளே நோயாளி படுக்க ஒரு கட்டில், மருந்து அலமாரி, கை கழுவத் தொட்டி, ராத்திரி தங்குவதற்கு மடக்கு பலகை. மாதம் இருமுறை அது போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு மலை ஏறும். இரண்டு ராத்திரி அங்கேயே தங்கும்.

தங்குவதற்குக் காரணம் உண்டு. கொழுந்து பறிக்கிற பெண்கள் பகலில் வைத்தியத்துக்கு வர முடியாது. இலை நிறுத்து முடித்து, லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போய், முகம் கழுவி வருவதற்குள் இருட்டிவிடும். இருட்டில் நோயாளியைப் பார்க்க விளக்கு வேண்டும். விளக்குக்கு பாட்டரி வேண்டும். பாட்டரிக்கு எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் ஓடினால்... டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்தால் காதில் கேட்பது நெஞ்சா, டீசல் எஞ்சினா?

இதற்குத்தான் சோலார் பேனல் வந்தது. வெயில் பட்டால் மின்சாரம் தரும் கண்ணாடித் தட்டுகள், நான்கு. சங்கத்துக்கு யாரோ கொடுத்தார்கள். ஒரு எஞ்சினியர் வந்து படம் போட்டுக் காட்டினார். படம் எனக்கு எழுத்தைவிடச் சுலபம். வண்டிக் கூரையில் நான்கையும் படுக்கை வசத்தில் முடுக்கினேன். “கொஞ்சம் சாய்த்து வையுங்கள்” என்று எஞ்சினியர் சொல்லியிருந்தார். மலைப் பாதையில் மரக்கிளை தட்டும் என்று நான் சாய்க்கவில்லை. அவரிடம் அதைச் சொல்லக் கூச்சம், சொல்லாமலே செய்துவிட்டேன். வயரை உள்ளே இறக்கி, மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று காட்ட ஒரு முள் மீட்டரைக் கதவுப் பக்கம் மாட்டினேன். கரமனை வெயிலில் முள் ஏழில் நின்றது. பார்க்க அழகாக இருந்தது.

வண்டி மலைக்குப் போனது. முதல் ராத்திரி மூன்று டியூப் லைட்டும் எரிந்தன. இரண்டாம் ராத்திரி ஏழு மணிக்கு அணைந்துவிட்டன. சரி, மழை மாதம் என்றோம். அடுத்த தடவையும் முதல் ராத்திரி வெளிச்சம், இரண்டாம் ராத்திரி எஞ்சின்.

அப்போதுதான் சங்கத்துக் காரியதரிசி ஒரு வார்த்தை சொன்னார். மூன்றாவது தடவையும் இருட்டானால் வண்டி மலை ஏற வேண்டாம். தோட்டத்துப் பெண்கள் பஸ் பிடித்து அடிவாரத்து விதுரைக்கு இறங்கி வரட்டும், அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மா என் கடைக்கு நேரே வந்தார்.

“முத்தையா, இறங்கி வரட்டும்னு சொல்றது சுலபம். ஒரு நாள் வேலையை விட்டுட்டு எவ வருவா? இருமலோட அப்படியே இருந்துடுவா. இந்தத் தடவை நீங்களும் கூட வரேளா?”

எனக்கு மலைப் பாதை ஆகாது. வாந்தி வரும். ஆனால் அதைச் சொல்லவும் கூச்சம். போனேன்.

முதல் ராத்திரி, வழக்கம்போல, வெளிச்சம். மறுநாள் காலை முழுதும் மூடுபனி. பதினொரு மணிக்குப் பனி விலகி, பளீரென்று வெயில். நான் ஓடிப் போய் மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை.

வயரில் பிழைப்பவன் வயரில்தான் தப்பைத் தேடுவான். வண்டிக்கு அடியில் படுத்தேன். ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துக் கட்டினேன். மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுக்கிற டயோடைக் கழற்றி மாட்டினேன். பாட்டரி முனைகளைச் சுரண்டினேன். முக்கால் மணி நேரம் போயிற்று. மலையில் அந்த மாதத்தில் வெயில் மொத்தமே இரண்டு மணி நேரம் என்று டிரைவர் சுகுமாரன் சொன்னான். 

மிச்சம் இருந்தது கூரை. அதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். வண்டியைச் சுற்றி அன்று பெண்கள் கூட்டம். பிள்ளைத்தாய்ச்சிகள், குழந்தைக்காரிகள், அன்று பக்கத்து மலைச்சரிவில் கொழுந்து எடுத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவர்கள். ஏணியோ நேர் ஏணி. காற்றோ மலைக் காற்று. நானோ லுங்கி.

“என்ன அண்ணாச்சி, அடியில தேடுதீய, உள்ள தேடுதீய... என்னத்தைத் தொலைச்சீய?” என்று ஒரு அம்மாள் கேட்டார். பேச்சியம்மா என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு இருமல்.

“கரண்டு...” என்றேன்.

“கரண்டைத் தொலைச்சிட்டாரு, பாவம். ஏட்டீ, யாராவது எடுத்தீயளா?”

சிரிப்பு. அந்தச் சிரிப்பிலிருந்து தப்ப ஒரே வழி மேலேதான். லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

“கம்பிய ரெண்டு கையாலயும் பிடிங்க அண்ணாச்சி, நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதோம்” என்றது இன்னொரு குரல். ஒருவரும் திரும்பவில்லை.

மேலே எட்டிப் பார்த்தேன்.

பேனல் ஒன்றுகூடத் தெரியவில்லை. முதல் தட்டு நிறைய, சீவிய மரச்சீனிக் கிழங்கு – மரவள்ளிதான். இரண்டாவதில் மிளகு, குச்சியோடு. மூன்றாவதில் குழந்தைத் துணிகள், காற்றில் பறக்காமல் நான்கு மூலைக்கும் நான்கு கல். நாலாவதில் ஒரு காக்கி கால்சட்டை.

நம் ஆட்களுக்கு வெயிலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? எதையாவது காயப் போட்டாக வேண்டும். அதுவும் வருஷத்தில் பாதி நாள் துணி காயாத மலை. அங்கே ஒரு வண்டி வருகிறது. அதன் தலையில் கறுப்பாக, சுத்தமாக, தொட்டால் சுடுகிற நான்கு கண்ணாடிகள். ஆடு மாடு ஏற முடியாத உயரம். ஏணியும் இருக்கிறது. வேறு எதற்குத்தான் கொண்டுவந்திருப்பார்கள்?

சுகுமாரனைப் பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்தான்.

“காயப் போடலாமான்னு காலையிலேயே அவங்க வந்து கேட்டாங்க அண்ணாச்சி. இட்டோளூ, போட்டுக்கோன்னு ஞான்தான் பறஞ்சேன். கண்ணாடியல்லே, கிழங்கு இட்டா தேஞ்சு போவுமோன்னு நினைச்சேன்...”

“கால்சட்டை?”

“அது... ஒரு ஓரத்திலேயல்லே.”

இந்தத் தட்டுகளில் ஓரம், நடு என்று இல்லை. ஒரு மூலையில் கைக்குட்டை விழுந்தாலே தட்டு சோர்ந்துவிடும். அதை இத்தனை பேருக்கு எப்படிச் சொல்வது? கூரைமேல் நின்று, “இதையெல்லாம்... எடுத்துடணும்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பேச்சியம்மா இடுப்பில் கை வைத்தார்.

“எடுத்துட்டு எங்கன போட? இந்த மலைக்கு வெயிலு வாறதே விருந்தாளி மாதிரி. அதையும் உங்க வண்டி பிடிச்சுக்கிடுமா? வெயிலு உங்க வண்டிக்கு மட்டுமா காயுது?”

நியாயமான கேள்வி.  வாயால் முடியாததால் கையால் செய்தேன். மரச்சீனித் தட்டை மட்டும் காலி செய்து, கிழங்கை முறத்தில் வாரி ஏணி வழியாக இறக்கினேன்.

“அந்த முள்ளைப் பாருங்க” என்று கதவுப் பக்கம் கை காட்டினேன்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் தினமும் மாலை இலையை நிறுக்கக் கொடுப்பவர்கள். கணக்குப்பிள்ளை தராசில் கூடையைத் தொங்கவிட்டால், முள் எங்கே நிற்கிறது, அவர் எதை எழுதுகிறார் என்று கண் இமைக்காமல் பார்ப்பவர்கள். முள்ளைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பேச்சியம்மா மீட்டருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

“ஏறுது... ஒண்ணரைல நிக்கி.”

முறத்தைத் திரும்ப மேலே வாங்கி, கிழங்கில் ஒரு பிடி அதே தட்டில் போட்டேன்.

“ஏ, இறங்கிட்டு. எடுங்க, எடுங்க.”

எடுத்தேன். பிறகு என் வேலை சுலபமாகிவிட்டது. நான் இறக்க, அவர் கூவினார். மிளகு இறங்கியது – “மூணு.” குழந்தைத் துணி இறங்கியது – “அஞ்சு தொடப் போவுது.” இப்போது பெண்களே கீழே நின்று வாங்கினார்கள். “இன்னும் என்ன இருக்கு அண்ணாச்சி, மறைக்காதீய.” கால்சட்டை இறங்கியபோது சுகுமாரன் வண்டிக்குப் பின்னால் போய்விட்டான். அதன் அடியில் வெள்ளையாக இன்னொன்று விரித்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கோட்டு.

டாக்டரம்மா கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தார்.

“காலையில தோய்ச்சு சுகுமாரன்கிட்டக் குடுத்தேன். எங்கேயாவது காயப் போடுன்னேன்... நானுமா?”

“ஏழு” என்றார் பேச்சியம்மா.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கிழங்கும் மிளகும் வண்டியின் முன்மூடியில் விரிந்தன. எஞ்சின் ஓடாததால் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். துணிகளுக்கு ஏணியிலிருந்து மரம்வரை கயிறு கட்டினோம். இரண்டு பெண்கள், யாரும் கேட்காமலே, முந்தானையால் கண்ணாடிகளைத் துடைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணிக்குப் பனி திரும்பி வந்து மலையை மூடியது. ஒரு மணி நேரம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. போதுமா? எனக்குத் தெரியாது. மூன்று விளக்கில் இரண்டின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு இலை நிறுத்து முடித்து வந்தார்கள். விளக்கு எரிந்தது. ஏழரைக்கும் எரிந்தது. எட்டுக்கும்.

பேச்சியம்மாவின் முறை வந்தது. டாக்டரம்மா முதுகில் குழாயை வைத்தார். வெளியே தவளைகள் தவிர ஒரு சத்தம் இல்லை.  டாக்டரம்மா இடம் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் கேட்டார்.

“கீழ்ப்பக்கம் சளி நன்னாக் கட்டியிருக்கு. ஊசி போடறேன், பத்து நாள் மாத்திரை. நாளைக்கு வண்டியிலேயே கூட வாங்கோ, ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்.”

“போன தடவ நெஞ்சு நல்லாருக்குன்னீயளே தாயி?”

டாக்டரம்மா குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

“போன தடவை நான் எஞ்சினைத்தான் கேட்டிருக்கேன்.”

 பேச்சியம்மாவே முதலில் சிரித்தார், இருமிக்கொண்டே.

மறுநாள் அவரும் எங்களோடு இறங்கினார். எக்ஸ்ரேயில் பயப்படும்படி ஒன்றுமில்லை, நேரத்தோடு பார்த்தாயிற்று என்றார்கள். காரியதரிசி விஷயம் கேட்டுவிட்டு, வண்டி போகட்டும் என்று சொல்லிவிட்டார். நான் பேனல்களை, எஞ்சினியர் சொன்னபடி, சாய்த்து வைத்தேன் – கிளை தட்டாத அளவுக்கு, கிழங்கு நிற்காத அளவுக்கு. டிரைவர் தலைக்கு மேலே, சும்மா கிடந்த கூரையில், கம்பி வலை போட்டு ஒரு பெரிய தட்டு அடித்தேன். அது லயத்துப் பெண்கள் காயப் போடுவதற்கு. எஞ்சினியரின் படத்தில் அது இல்லை.

வெயில் எல்லோருக்கும் பொது என்பார்கள். பொதுச் சொத்து என்றால் முதலில் போய்த் துண்டு விரிப்பவர்கள் நாம். ஆகவே, எதைக் கொண்டுபோய் எங்கே மாட்டுவதானாலும், அங்கே ஏற்கெனவே என்ன காய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எழுதி முடித்தது: 1986 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை.